பேர் வெட்டின பம்பு

— இப்பத்த ஆளுவளுக்கு எதையும் தொறந்து பாக்கதுக்குப் பொறுமை கிடையாது. கண்ணு மங்குதுன்னு போனா, டார்ச்சு அடிக்கதுக்கு முன்னாடியே லென்ஸ மாத்தணும்பான். முட்டு வலிக்குன்னு போனா, வேட்டிய ஒதுக்கதுக்கு முன்னாடியே முட்ட மாத்தணும்பான். இப்போ நீ. டீசல் பம்பு இன்னும் என் லாரியிலதான் இருக்கு. ஒரு நட்டு கழத்தல. அதுக்குள்ள "தீந்து போச்சு மாமா"ங்க.

— கழத்தாமலே தெரியும், நயினார் மாமா. வண்டி விட்ட புகைய நோக்குங்க. கரமனைப் பாலத்துல போறவங்க எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாங்க.

— புகை வந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? என் வீட்டு அடுக்களையில தெனமும் புகை வருகு. பொன்னம்மைய நான் மாத்திட்டேனா?

— மாமி உங்கள மாத்தாம வச்சிருக்காங்க. அதச் சொல்லுங்க மொதல்ல.

— ஏ பிள்ளே ஜினி, பம்பு கடை வச்சிருக்கியா, வாய் கடை வச்சிருக்கியா? உங்கப்பன் இந்தக் கடையில இருந்தப்போ இப்படியா பேசுவான்?

— அப்பா இருந்தப்போ அப்பாவ நம்புனீங்களா மாமா?

— அவனையும் நம்பல. ஆனா அவன் தொறந்து பாத்துட்டுத்தான் பொய் சொல்லுவான்.

— கேட்டியா ஷைஜு? உங்க மொதலாளிக்கு எங்க குடும்பத்து மேல உள்ள மதிப்பு.

— என்னை எதுக்கு சேச்சி இதுல இழுக்கீங்க? பத்து வருஷமா இந்த வண்டி ஓட்டுகேன். இன்னைக்கும் சாவி மொதலாளி மடியிலதான். ஸ்டார்ட் பண்ணப்போ தருவாரு, ஆஃப் பண்ணினா கை நீட்டுவாரு. நான் பாவம்.

— பாவமா நீ? பாலராமபுரத்துல டீ குடிக்க நிறுத்தினப்போ போனப் பாத்து எவளப் பாத்துச் சிரிச்ச?

— அது என் பெண்டாட்டியாக்கும் மொதலாளி. வீடியோ கால்.

— பெண்டாட்டியப் பாத்து எவம்லே அப்படிச் சிரிப்பான்?

— செரி, சண்டை போதும். மாமா, நான் சொல்லதக் கேளுங்க. நாளைக்கு ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலை. ஆற்றுகால் பக்கம் இப்பவே பெண்ணுங்க அடுப்புக்குச் செங்கல்ல அடுக்கி இடம் பிடிச்சாச்சு. சாயங்காலம் ஆனா போலீஸ் ரோட்ட அடைச்சிரும், லாரி ஒண்ணுகூட உள்ள போகாது. உங்க வண்டி நெறைய மண்பானை. பானை எறக்க வேண்டிய சாலைச் சந்தைக்கு இனி எவ்வளவு தூரம்? ஒரு விளி விளிச்சா கேக்கும். ரெண்டு குட்டியானை வண்டியப் பிடிச்சு பானைய மாத்தி அனுப்புங்க. லாரி இங்க கெடக்கட்டும்.

— மாட்டேன்.

— பின்னே, கயிறு கட்டி இழுத்துத் தரச் சொல்லட்டா? ரெண்டு தெரு தள்ளி கிரேன் வச்சிருக்கான் பிரவின்ராஜ்.

— இழுத்துட்டுப் போனா அது வண்டி வந்ததாகுமா? பிணத்தக்கூடத்தான் இழுத்துட்டுப் போலாம், நடந்து வந்தான்னு சொல்லுவியா?

— எந்தா மாமா இது, பானை போய்ச் சேந்தா போராதா? நாளைக்கு அடுப்பு அணைஞ்சதுக்குப் பொறவு இந்தப் பானைய எவன் தொடுவான்?

— சேச்சி, அது பானைக் காரியம் இல்ல. மொதலாளி வீட்ல ஒரு வாக்குக் கொடுத்தாச்சு. அதாக்கும்.

— நீ சும்மா இருலே. நான் சொல்லுகேன். போன பொங்கலை கழிஞ்ச மறுநாள் என் மகன் அபிலாஷ் கேட்டான். அம்மைய பக்கத்துல நிறுத்திக்கிட்டுதான் கேட்டான், தனியாக் கேட்டா நான் ஏசுவேன்னு தெரியும். "அப்பா, எந்த வருஷம் இந்த வண்டி தன் காலுல பானையக் கொண்டு சாலைச் சந்தையில எறக்கலையோ, அந்த வருஷம் சாவிய என்கிட்ட தருவீங்களா?" அப்படீன்னான். பொன்னம்மை என் மூஞ்சியவே பாக்கா. தருவேன்னு சொல்லிட்டேன். இனி மாத்திப் பேச முடியாது.

— சொன்னதுல என்ன தப்பு? இந்த வயசுல ஷைஜு பக்கத்துல ஏறி இருந்து நாகர்கோவில்ல இருந்து ஆட்டம் ஆடி வரணுமா? போன மாசம் தலை சுத்தி விழுந்தீங்கதானே, நெய்யாற்றின்கரையில?

— அது உனக்கு யாரு சொன்னா?

— ம்... யாரோ சொன்னாங்க. ஷைஜுதான் சொல்லியிருப்பான்.

— நானா? நான் எப்போ சேச்சி?

— லே ஷைஜு, ஊரு முழுக்க டமாரம் அடிச்சிருக்க. அன்னைக்கு வெயிலு. அவ்வளவுதான். வெயில்ல எவனுக்கும் சுத்தும். கேளு ஜினி, அபிலாஷ் என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? ஒரு சேரு வாங்கிப் போட்டிருக்கான். சாஞ்சு கெடக்கதுக்கு. பக்கத்துல ஒரு பொத்தான். அதத் தட்டினா சேரு தானாக் காலத் தூக்கும், தலையத் தாழ்த்தும். பஸ்ஸு மாதிரிப் பெருசு. வீட்டு நடையில நேரா டிவிய நோக்கிப் போட்டிருக்கான். "அப்பா, இனி இதுல ரெஸ்ட் எடுங்க"ங்கான்.

— கொள்ளாமே, நல்ல சேரு! எனக்கு எவனாவது வாங்கித் தந்தா நான் எந்திரிக்கவே மாட்டேன்.

— அதுதான் சங்கதி. எந்திரிக்க முடியல. ஒரு நாள் ஆளில்லாத நேரம் பாத்து, என்ன சாதனம்னு உக்காந்து பாத்தேன். தூக்கிருச்சு. பொறவு எந்தப் பொத்தானத் தட்டினாலும் இன்னும் மேலதான் போகு. கவுந்த கரப்பான்பூச்சி மாதிரிக் கையக் கால ஆட்டிக்கிட்டுக் கெடந்தேன். பொன்னம்மை கோயிலுக்குப் போனவ வந்து, கரண்டப் பிடுங்கி, என்னத் தூக்கி விட்டா. தூக்கி விட்டுட்டுச் சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

— ஐயோ மாமா, எனக்கு வயிறு வலிக்குது...

— சிரி, சிரி. அந்தச் சேரு அங்க வாயத் தொறந்துக்கிட்டு எனக்காக இருக்கு, கேட்டியா. இந்தப் பம்பு இன்னைக்கு ஓடலைன்னா நாளைக்கு நான் அதுல. அதனால தொற. தொறந்து, செத்துப்போச்சுன்னு என் கண்ணுல காட்டு. காட்டினா சாவியத் தந்துட்டுப் போறேன். காட்டாமச் சொல்லாதே.

— மாமா...

— உன் போன் அடிக்கு பிள்ளே.

— அடிக்கட்டும். கஸ்டமர்.

— பேரு என்ன எழுதியிருக்கு அதுல?

— கஸ்டமர் மாமா, கஸ்டமர்! உங்களுக்கு வாசிக்க வராதுதானே, பின்னே என்ன எட்டிப் பாக்கீங்க? ஷைஜு, ஸ்பானர எடு. பம்ப எறக்கலாம். இவரு விடமாட்டாரு.

— அப்படி வா வழிக்கு. நட்டு எல்லாம் இன்னா இந்தத் துவர்த்துல போடு. என் தோள்ல கெடந்த துவர்த்து, என் மடியிலயே இருக்கட்டு.

— நட்டக் கூடவா மொதலாளி மாத்துவாங்க?

— நட்டுதான் மொதல்ல மாத்துவான். நீ சிரிக்காம கழத்து.

— மெதுவா, ஷைஜு. ஆறு பைப்பையும் அழுக்குப் போகாம துணி வச்சுப் பொத்து. மாமா, கொஞ்சம் தள்ளி இருங்க, உங்க நெழலு விழுது.

— என் நெழல மாத்தவா போறே? இருக்கட்டும்.

— இன்னா, பம்ப டெஸ்ட் பெஞ்சுல ஏத்தியாச்சு. இப்போ நோக்குங்க மாமா, நான் எதையும் மறைக்கல. எஞ்சின் பம்ப எப்படிச் சுத்துமோ, அதே மாதிரி இந்த மோட்டரு சுத்தும். பம்புக்குள்ள ஆறு எலிமென்ட் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு இரும்புக் குப்பிக்குள்ள ஏறி எறங்குற ஒரு இரும்பு ஊசின்னு வையுங்க. ஒவ்வொரு ஊசியும் டீசலத் தள்ளி, மேல தொங்குற ஒரு கண்ணாடிக் குழாயில நிறைக்கும். நல்ல பம்புன்னா ஆறு குழாயிலயும் டீசல் ஒரே மட்டத்துல நிக்கும். கண்டீங்களா, உங்களுது எப்படி நிக்குதுன்னு?

— ஒண்ணு நெறைய இருக்கு. ஒண்ணு பாதி. அந்தக் கடைசி ரெண்டுல நாக்க நனைக்கக் காணாது.

— அதுதான். அதனாலதான் வண்டி இழுக்கல, புகையா விடுது, காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது.

— கண்ணாடில ஓட்டை இருக்கும்.

— கண்ணாடிலயா?

— கடைசி ரெண்டு குழாயையும் மொத ரெண்டோட மாத்திப் போடு. பொறவு பாப்போம்.

— சேச்சி, நான் அப்பவே சொன்னேன், இன்னைக்கு ராத்திரி நான் வீட்டுக்குப் போகமாட்டேன்னு.

— செரி மாமா, இன்னா மாத்தியாச்சு. நோக்குங்க. அதேதான். கடைசி ரெண்டும் காலி.

— ம்ம். செரி, தொற.

— தொறக்கிறேன். இன்னா, இது மொதல் ஊசி... எந்தா இது?

— என்னது?

— ஷைஜு, அந்த லைட்ட இங்க காட்டு. இதுல என்னமோ கீறியிருக்கு. கீறல் இல்ல, எழுத்து. தமிழெழுத்து. "பொ"... "ன்"... "பொன்"!

— ஆ! இருக்கா? அப்போ என்னோடதுதான்! மத்ததப் பாரு, மத்ததப் பாரு, எல்லாத்துலயும் இருக்கான்னு.

— இதுலயும் "பொன்". இதுலயும். மாமா, எல்லாத்துலயும் இருக்கு. யாரு செஞ்ச வேலை இது?

— நான்தான். அப்படீன்னா அவன் மாத்தல! நான் வீணா அவனச் சந்தேகப்பட்டேன். பாத்தியாலே ஷைஜு, ஒண்ணுகூட மாறல!

— எனக்கு ஒண்ணும் மனசிலாகல மாமா. மொதல்ல இருந்து சொல்லுங்க.

— இதுல என்ன மனசிலாக? போன மழையில பம்புல வேலை வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன்கிட்டப் போனேன், நீ கேரளாக்காரி, வெல கூட்டுவியேன்னு. புது எலிமென்ட் போடணும்னான். அவனை வாங்கச் சொன்னா புதுசுன்னு சொல்லிப் பழசு போடுவான். நானே கடையில போய் ஆறும் புதுசா வாங்கினேன். ஆனா அவன் கையில கொடுத்தா, என்னோடத எடுத்து ஒளிச்சுட்டு எவன் வண்டியில கழத்தினதையோ மாட்டுவான்ல? அதனால நேரா சாலைச் சந்தைக்குப் போனேன். நம்ம பாத்திரக் கடை. குடம், செம்பு, தூக்குல எல்லாம் பேர் வெட்டுவானே, கரண்டுல டர்ருன்னு ஒரு பேனா வச்சு. அவன்கிட்ட நீட்டினேன். "இது என்ன பாத்திரம் அண்ணாச்சி?"ன்னான். நீ வெட்டுடேன்னேன்.

— எங்கன வெட்டச் சொன்னீங்க?

— எங்கனயா? நல்லா மழமழன்னு, கண்ணாடி மாதிரிப் பளபளன்னு ஒரு இடம் இருந்தது. அதுலதான். பாத்திரத்துல கரி பிடிச்ச அடியிலயா வெட்டுவோம்?

— என் தெய்வமே.

— என்னத்துக்கு தலையில கை வைக்க?

— மாமா, அந்த மழமழப்புதான் பம்போட உயிரு! அந்த ஊசிக்கும் குப்பிக்கும் நடுவுல ஒரு தலைமுடி போக இடமில்லாம செஞ்சு வச்சிருக்கு. அந்த இடுக்குல டீசல் கசியாம இருந்தாத்தான் அழுத்தம் வரும். நீங்க அந்த இடத்துலயே வாய்க்கால் வெட்டி வச்சிருக்கீங்க! "பொ"வுக்கு உள்ள கொம்பு வழியா டீசல் ஓடிப் போயாச்சு!

— பேர் வெட்டினா ஓட்டை விழுமா?

— ஓட்டை இல்ல, கீறல். போராததுக்கு, வெட்டின இடத்துல பொடிப்பொடியா மேடு நிக்கும். குப்பிக்குள்ள எறங்கியிருக்காதே? அந்த ஆளு எப்படி மாட்டினாரு?

— டைட்டா இருக்குன்னு சொல்லி, என்னமோ பேஸ்டப் போட்டுத் தேச்சுக்கிட்டே கெடந்தான். நான் எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன்ல, திருட்டு மட்டும் நடக்கல.

— பேஸ்ட் போட்டு! அப்போ குப்பியும் போச்சு. ஆறும் போச்சு. மாமா, உங்க பம்ப எவனும் கொல்லல. நீங்க பேரு வச்சே கொன்னுட்டீங்க.

— சேச்சி, வண்டி ஏன் மொதலாளி சொன்ன பேச்சக் கேக்கலைன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. உள்ள பொன்னம்மை அம்மால்லா இருந்திருக்காங்க.

— லே!

— ஷைஜு கேக்கது ஞாயம்தானே? உங்க பேர வெட்டாம எதுக்கு மாமி பேர வெட்டினீங்க?

— வீட்டுப் பாத்திரத்துல எல்லாம் அவ பேருதான். கடைக்காரன் "என்ன பேரு"ன்னான். வாயில அதுதான் வந்தது. அதுக்கென்ன இப்போ?

— ஒண்ணும் இல்ல. மாமிக்குத் தெரியுமா?

— தெரியாண்டாம். தெரிஞ்சா, என்னக் கேக்காம லாரிக்குள்ள என் பேர எதுக்குப் போட்டீங்கன்னு ஒரு மாசம் பேசுவா.

— நான் சொல்லுவேனே!

— சொன்னா உன் கடை வாசல்ல வண்டிய நிறுத்தி ராவும் பகலும் புகை விடுவேன். செரி, வெளையாட்டு போதும். இனி என்ன செய்யணும்?

— புது செட் ஒண்ணு அலமாரில இருக்கு. போடணும், பெஞ்சுல ஆறையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரணும், வண்டியில மாட்டணும்.

— அப்போ தீந்து போகல.

— என்ன?

— காலையில தீந்து போச்சுன்னு சொன்னேல்லா? இப்போ போடலாம்ங்க. எது உள்ளது?

— அது... அது புகையப் பாத்துச் சொன்னது மாமா. விடுங்க.

— விடமாட்டேன், ஞாபகம் வச்சிருக்கேன். இப்போ நேரம் இல்ல. அந்தப் புது செட்ட இங்க கொடு. ஷைஜு, ஒரு ஆட்டோ பிடிச்சு சாலைக்கு ஓடு. ஆறுலயும்...

— மாமா! அந்தப் பேனா இதுல தொட்டா நான் இந்தப் பெஞ்ச அடைச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவேன்.

— அடையாளம் இல்லாத சாமான் என் பம்புக்குள்ள போகாது.

— அடையாளம் உள்ள சாமான் என் பெஞ்சுல ஏறாது.

— அப்போ நான் எப்படி நம்ப?

— நம்பாதீங்க! யாரு நம்பச் சொன்னா? இங்கயே இருந்து கண்ணத் தொறந்து வச்சுப் பாருங்க.

— கண்ணு மங்கலு. மொதல்லயே சொன்னேன்லா.

— மொதலாளி, நான் ஒண்ணு சொல்லட்டா? ஏசக்கூடாது.

— ஏசுவேன். சொல்லு.

— உங்க சோத்துத் தூக்குல அம்மா பேரு வெட்டியிருக்குல்லா. அதக் காலி பண்ணிக் கழுவி, புது எலிமென்ட் ஆறையும் அதுக்குள்ள போட்டு நீங்க மடியில வச்சுக்கோங்க. சேச்சி கேக்கப்போ ஒவ்வொண்ணா நீங்களே எடுத்துக் கொடுங்க. சாமான்ல பேரு இல்லைன்னாலும் பாத்திரத்துல பேரு இருக்கே?

— கேட்டீங்களா மாமா? பத்து வருஷம் சாவி தராம வச்சிருந்த ஆளுக்கு எவ்வளவு மூளைன்னு.

— மூளை இருக்கதுனாலதான் சாவி தரல. செரி. தூக்க எடு.

— மொதல்ல சோறத் திங்கணுமே. என்ன கொண்டு வந்தீங்க?

— புளிசேரி. அவியல். ஒரு மீன் பொரிச்சது, அது ஷைஜுவுக்குன்னு பொன்னம்மை தனியா வச்சா, நான் அவன்கிட்ட சொல்லல.

— மொதலாளி!

— தின்னு, தின்னு. நீயும் ஒரு எலை போடு பிள்ளே. தூக்கு சீக்கிரம் காலியாகட்டும். பாத்து, சோத்துக் கையோட அந்தப் பெட்டியத் தொடாதே.

— எனக்குச் சொல்லித் தாறீங்களா? நல்லாருக்கு மாமா, மாமி கை. அவியல்ல மாங்கா போட்டிருக்காங்க, அல்லே?

— அவ எப்பவும் போடுவா. நாளைக்குப் பொங்கலைக்கும் இந்த வண்டியில வந்த பானையிலதான் பொங்குவா, வலியசாலைத் தெருவுல. நான் சாலையில எறக்குகதுக்கு முன்னாடி ஒண்ணத் தட்டிப் பாத்து, சத்தம் கேட்டு எடுத்து வைப்பேன். இந்த வருஷம் நான் கொண்டு போகலைன்னா, அவ ஒண்ணும் சொல்லமாட்டா. கடையில ஒண்ண வாங்கிப் பொங்கிருவா. அதுதான் எனக்கு... செரி, பேசாமத் தின்னு.

— மாமா.

— என்ன?

— காலையில நான் சொன்னேன்லா, அது வந்து...

— எது?

— ஒண்ணுமில்ல. புளிசேரி இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

— பாத்தியாலே ஷைஜு? இவ உள்ளுக்குள்ள என்னமோ வச்சிருக்கா. காலையில இருந்தே பாக்கேன். போன் அடிக்கப்போ எல்லாம் திருப்பி வைக்கா. தொறக்காமலே செத்துப்போச்சுங்கா. எனக்கு எழுத்து தெரியாது, மூஞ்சி தெரியும்.

— என் மூஞ்சில டீசல் தவிர ஒண்ணுமில்ல. எந்திரிங்க, தூக்க நான் கழுவித் தாறேன்.

— நான் கழுவுகேன்.

— சோப்புப் போட்டா போராது. டீசல்ல கழுவணும். கையையும் டீசல்ல கழுவுங்க, வேர்வை படக்கூடாது. ம்ம், இன்னும் தேயுங்க. நகத்துக்குள்ள மூக்குப்பொடி இருக்கு.

— பொன்னம்மை இந்தத் தூக்க இனி அடுக்களையில ஏத்தமாட்டா.

— ஏத்தினா, சோறு ஒரே மட்டத்துல வேகும். கொண்டாங்க. இன்னா, ஆறு புது எலிமென்ட். எண்ணி வச்சுக்கோங்க. ஒவ்வொரு ஊசியும் அதுஅது குப்பியோடதான் சேரும், ஒண்ண மாத்தி ஒண்ணுல போட்டா கெட்டுப் போகும். கழத்திப் பாக்காதீங்க.

— கல்யாணம் மாதிரியா?

— அதேதான். மூடி வையுங்க. ம்ம்... மொதலாவது தாங்க.

— இன்னா. பாத்துட்டேன், இதுதான். கையில இருந்து கண்ண எடுக்கமாட்டேன்.

— ரெண்டாவது.

— இன்னா. நில்லு, கைய மாத்தாதே. அந்தக் கையில என்ன?

— துணி மாமா.

— விரிச்சுக் காட்டு. ம்ம். போடு.

— மொதலாளி, ஆபரேஷன் தியேட்டர்லகூட இப்படி இல்ல.

— ஆபரேஷன் தியேட்டர்ல என்னைய உள்ள விட்டிருந்தா, உங்கம்மைக்குப் பழைய கிட்னி வந்திருக்காது.

— எங்கம்மைக்கு ஆபரேஷனே செய்யல!

— அப்படியா? அப்போ வேற எவனோ.

— ஆறாவது தாங்க மாமா. ம்ம்... ஆச்சு. இனி பெஞ்சு. ஷைஜு, சுவிட்ச் போடு. நோக்குங்க மாமா. இன்னா ஏறுது... இந்த நாலாவது கொஞ்சம் கூடுதல், குறைக்கிறேன்... ரெண்டாவதக் கொஞ்சம் கூட்டணும்... இப்போ நோக்குங்க.

— ஆறும் ஒண்ணா நிக்கு.

— நிக்குதுதானே?

— பள்ளிக்கூடத்துல சாமி கும்பிட நிறுத்தின பிள்ளைக மாதிரி நிக்கு. குழாயத் திருப்பி மாத்திப் போடு.

— போட்டாச்சு. இப்பவும்?

— ம்ம்.

— ம்ம்னா?

— ம்ம்னா பாத்துட்டேன்னு அர்த்தம். நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. மாட்டு, மாட்டு. வெயிலு சாஞ்சாச்சு. அங்க பாலத்துப் பக்கம் போலீஸ்காரன் ரெண்டு பேரு பேரிகேட உருட்டிக்கிட்டு வாரான்.

— அவங்க நம்ம ஸ்டேஷன் எஸ்.ஐ. ராமசுப்ரமணியன் சாரோட ஆளுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் தருவாங்க. ஷைஜு, அந்தப் பைப்ப முறுக்கு. காத்த எடுத்து விடு. டீசல் குமிழ் இல்லாம வரட்டும். ஆச்சா? மாமா, சாவி.

— சாவி எதுக்கு?

— மாமா, சாவி தந்தாத்தானே ஸ்டார்ட் பண்ண முடியும்?

— இன்னா.

— ஒரே அடியில பிடிச்சிருச்சு மொதலாளி! அடிபொளி! கேட்டீங்களா சத்தத்த?

— சத்தத்த விடு. மிதிக்காம வச்சிரு. நான் பின்னால போறேன்.

— மாமா, எங்க போறீங்க? சைலன்சர் பக்கத்துல எதுக்கு... ஐயோ, துவர்த்த எடுத்து அதுல கட்டுகாரே!

— மிதிலே ஷைஜு! நல்லா மிதி! ... போதும். இன்னா பாரு.

— நட்டு வச்ச எண்ணெய்க் கறை தவிர வெள்ளையாத்தானே இருக்கு துவர்த்து? கரியே இல்ல.

— அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.

— மாமா, கரி இருந்தா பம்பு சரியில்லைங்கீங்க, கரி இல்லைன்னா சந்தேகம்ங்கீங்க. நான் என்னதான் செய்யட்டு?

— நீ ஒண்ணும் செய்யாண்டாம். பழைய ஆறு எலிமென்டையும் தூக்குல போடு. நான் கொண்டு போறேன்.

— அத வச்சு என்ன செய்வீங்க?

— அதுல அவ பேரு இருக்கு. குப்பையில போட முடியுமா?

— ...செரி மாமா. இன்னா. பம்புல ஈயச் சீல் வச்சிருக்கேன். எவன் தொட்டாலும் தெரியும்.

— நீ தொட்டா?

— நான் தொட்டாலும் தெரியும்.

— ம்ம். பேர் வெட்டினதுனால பம்பு கெட்டுதாம். ஊர்ல உள்ள பாத்திரம் பூரா பேர் வெட்டித்தான் இருக்கு, எது ஒழுகுது? பொங்கலை கழியட்டும். வந்து திரும்பத் தொறந்து பாப்பேன்.

— வாங்க. மாமியக் கூட்டிக்கிட்டு வாங்க. அப்போ இனியாவது நான் சொன்னத நம்புவீங்களா?

— எத?

— எதையாவது.

— நீ காலையில இருந்து சொன்னதுல ஒண்ணையும் நான் நம்பல, இப்பவும் நம்பல. கேட்டியா? நகருலே ஷைஜு, நான் ஏறணும். கிள்ளிப்பாலம் திரும்பப்போ ஹார்ன் அடிக்கச் சொல்லுகேன் பிள்ளே, கேட்டுக்கோ. பேரிகேட விலக்கச் சொல்லு அந்தப் பயலுவள! பானை வருகு!

— மெதுவாப் போங்க மாமா! மெதுவா!

— ஹலோ... ஆமா, ஜினிதான். காலையில இருந்து நீங்க விளிச்சது எல்லாம் கண்டேன், அவரு பக்கத்துலயே இருந்தாரு, எப்படி எடுக்க? ... இல்ல, சேரத் திருப்பிக் கொடுத்துருங்க. ... அந்தா, கிள்ளிப்பாலத்துல ஹார்ன் அடிக்குதே, உங்களுக்கும் கேக்குதா? ... அபிலாஷ் அண்ணா, சத்தியமாட்டு, நீங்க சொல்லித் தந்தபடியேதான் சொன்னேன். ஒரு நட்டுகூட கழத்தாம, மொத வார்த்தையே, "பம்பு தீந்து போச்சு மாமா"ன்னு. அவரு நம்பல.